துப்பாக்கி வாங்குவதற்கு முன்னால்

பள்ளத்தூர்

அன்புள்ள தம்பிக்கு,

உன்னைப் பெற்ற ஆத்தா எழுதிக்கொள்வது. நாங்கள் சௌக்கியம். உன் அப்பச்சிக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை.

துப்பாக்கி வாங்கப் போகிறேன் என்று போன வாரம் நீ சொன்னதற்குப் பதில் பேசாமல் போனை அப்பச்சியிடம் கொடுத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமில்லை. பேசத் தொடங்கினால் அழுதுவிடுவேன், நான் அழுதால் நீ பேச்சை மாற்றிவிடுவாய். எழுதினால் முழுசாகச் சொல்லலாம்.

கிரீன் கார்டு வந்துவிட்டது, விசாக்காரர்களுக்கு உள்ள தடை இனி உனக்கு இல்லை என்றாய். டெக்ஸாஸில் 2021 செப்டம்பரிலிருந்து, குற்றப் பின்னணி மாதிரி தடை எதுவும் இல்லாத, 21 வயது நிரம்பியவர் லைசென்ஸ் இல்லாமலே இடுப்பில் கைத்துப்பாக்கியோடு வெளியே போகலாம் என்றாய். பக்கத்துத் தெருவில் வீடு புகுந்து திருடினார்கள், கைக்குழந்தைக்காரன் பயப்படாமல் எப்படி இருப்பது என்றும் கேட்டாய். பயம் எனக்குப் புரியாததல்ல. இருபது முப்பது பேர் புழங்கிய இந்த வீட்டில் இப்போது நானும் அப்பச்சியும் மட்டும். வளவில் பாதி அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. ராத்திரி இரண்டாங்கட்டில் பூனை குதித்தாலும் எழுந்து உட்காருகிறேன்.

நீ அனுப்பிய அந்தச் சர்ச் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். 2019 டிசம்பர், உங்கள் டெக்ஸாஸில் ஒயிட் செட்டில்மென்ட் என்ற ஊர். ஒருவன் எழுந்து நின்று இரண்டு பேரைச் சுடுகிறான். ஆறே வினாடியில், காவலுக்கு நின்ற பெரியவர் ஒரே குண்டில் அவனைச் சாய்த்துவிடுகிறார். அவர் இல்லாவிட்டால் இன்னும் எத்தனை பேர் போயிருப்பார்களோ. அதை நான் மறுக்கவில்லை. துப்பாக்கி வைத்திருப்பவர்களை எல்லாம் கிறுக்கர்களாகவும் ரத்தவெறி பிடித்தவர்களாகவும் காட்டுகிற டிவிக்காரர்கள் மேல் உனக்கு இருக்கிற எரிச்சலும் நியாயம்தான். அந்தப் பெரியவர் சுடுவதற்குப் பயிற்சி கொடுத்தவர், நிதானமானவர். துப்பாக்கி வைத்திருக்கிற உன் பக்கத்து வீட்டுக்காரரும் நல்ல மனுஷர் என்றே சொல்கிறாய். ஒரு கூட்டத்தையே ஒரே சாயத்தில் முக்கி எடுப்பது என்னவென்று நமக்குத் தெரியாதா? நீ காலேஜில் சேர்ந்தபோது சிவகங்கை மாவட்டம் என்று சொன்னதுமே 'அரிவாள் எங்கே?' என்று கேட்டார்களே. எல்லாம் சினிமா பார்த்த அறிவு.

ஆனால் அதே வீடியோவில் இன்னொன்றையும் பார். சுட்டவன் விழுந்த பிறகு, வேறு பலரும் துப்பாக்கியை உருவிக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே ஓடுகிறார்கள். அந்த நேரம் ஒரு போலீஸ்காரர் கதவைத் திறந்து உள்ளே வந்திருந்தால், இதில் கெட்டவன் யார் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இது என் கற்பனை இல்லை. 2021 ஜூனில் கொலராடோவில் ஆர்வாடா என்ற ஊரில் இது நடந்தே விட்டது. ஒருவன் ஒரு போலீஸ்காரரைச் சுட்டுக் கொன்றுவிட்டான். கடைக்குள் இருந்த ஜானி ஹர்லி என்பவர் வெளியே ஓடிவந்து அவனைச் சுட்டு வீழ்த்தினார். அவன் வைத்திருந்த பெரிய துப்பாக்கியை ஹர்லி கையில் எடுத்த சமயம் பார்த்து வேறொரு போலீஸ்காரர் வந்து சேர்ந்தார். ஹர்லியைத்தான் கொலைகாரன் என்று நினைத்துச் சுட்டார். அத்தனை பேரைக் காப்பாற்றியவர் செத்துப்போனார். இதை யாரும் உனக்கு வீடியோவாக அனுப்பியிருக்க மாட்டார்கள்.

மேலவீட்டு முகப்பில் சினிமா ஷூட்டிங் நடக்கும்போது நீ பள்ளிக்கூடம் விட்டதும் பையைக்கூட வைக்காமல் ஓடுவாய். ஸ்டண்ட் மாஸ்டர் ஆத்தங்குடிக் கல்லில் சாக்பீஸால் கோடு போடுவார். இவன் இங்கே விழணும், அவன் அந்தத் தூணுக்குப் பின்னால் போகணும், கதாநாயகன் இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. பிடி தேய்ந்த டம்மித் துப்பாக்கியைத் திண்ணையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போவார்கள். டீ கொண்டு வருகிற பையனுக்குக்கூடத் தெரியும், யார் நல்லவன், யார் சாகப் போகிறவன் என்று. தெருவில் யார் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள் தம்பி? துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற உன்னைத் தூரத்திலிருந்து ஒருவன் பார்க்கிறான். அவன் கண்ணுக்குத் தெரிவது உன் நிறமும் தாடியும் கையில் இருப்பதும்தான். நீ பேத்திக்குப் பால்புட்டி கழுவுகிறவன் என்பது அவனுக்குத் தெரியாது.

என்னைத் தூங்கவிடாமல் செய்வது இதுதான். அங்கே படங்களிலும் செய்தியிலும் காப்பாற்றுகிறவனுக்கு என்று ஒரு முகம் இருக்கிறது. அது பெரும்பாலும் உன் முகம் இல்லை. பிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பின இளைஞர், பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை பார்த்தவர், முறையாக லைசென்ஸ் வாங்கியவர். 2016 ஜூலையில் மினசோட்டாவில் காரை நிறுத்திய போலீஸ்காரரிடம், என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று மரியாதையாக அவரே முந்திக்கொண்டு சொன்னார். சில வினாடிக்குள் சுடப்பட்டார். காரின் பின்சீட்டில் நாலு வயதுப் பெண் குழந்தை. சுட்டவர் அடுத்த வருஷம் விடுதலை ஆனார். சட்டம் கொடுத்த உரிமை அவர் பையில்தான் இருந்தது.

நம் ஆள் கதையும் உனக்குத் தெரியும். 2017 பிப்ரவரியில் கான்சாஸில் ஓலேத்தா ஊரில், வேலை முடிந்து நண்பரோடு உட்கார்ந்திருந்த ஸ்ரீநிவாஸ் குச்சிபோட்லாவை, ஈரான்காரன் என்று நினைத்து ஒருவன் சுட்டுக் கொன்றான். அன்றைக்கு அவனைத் தடுக்கப் பாய்ந்த 24 வயதுப் பையனிடம் துப்பாக்கி இல்லை. வெறுங்கையோடு ஓடி, கையிலும் மார்பிலும் குண்டு வாங்கி, பிழைத்தான். அந்தப் பிள்ளைக்காக நம் கொப்புடையம்மனுக்கு நான் விளக்குப் போட்டேன்.

நீ கணக்குக் கேட்கிறவன், அதனால் சொல்கிறேன். கூட்டத்தில் புகுந்து சுடுகிற சம்பவங்கள் 2000 முதல் 2013 வரை 160 என்று அந்த ஊர் மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ எடுத்து ஆராய்ந்தது. அதில் போலீஸ் அல்லாத ஒருவர் திருப்பிச் சுட்டு முடிவுக்கு வந்தவை 5. அந்த ஐந்திலும் பெரும்பாலும் காவலுக்கென்று நின்றவர்கள். ஆயுதமில்லாதவர்கள் மடக்கிப் பிடித்தவை 21. அதற்குப் பிறகும் துப்பாக்கிக்காரர்கள் காப்பாற்றியது உண்டு. 2022இல் இண்டியானாவில் ஒரு மாலில் 22 வயதுப் பையன் ஒருவன் காப்பாற்றினான். அது செய்தி ஆனது, ஆகவும் வேண்டும். செய்தி ஆகாதது எது தெரியுமா? 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கு மேல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டவர்கள். எந்த சினிமாவிலும் இடுப்பில் துப்பாக்கி வைத்தவனை இப்படிக் காட்டுவதில்லை.

சொல்லிவிடுகிறேன். உனக்கு வேலை போன அந்த மாதங்களில் நீ போனை எடுக்கவில்லை. மருமகள்தான் மெசேஜ் போடுவாள், தூங்குகிறார், சாப்பிட மாட்டேன் என்கிறார் என்று. அந்த நாட்களில் கட்டில் பக்கத்து டிராயரில் அது இருந்திருந்தால் என்று நினைத்தாலே எனக்குக் கை நடுங்குகிறது. நீ அப்படிப்பட்டவன் இல்லை என்பாய். எந்த ஆத்தாவும் தன் பிள்ளை அப்படிப்பட்டவன் என்று நினைத்ததில்லை தம்பி.

நம் வீட்டிலும் துப்பாக்கி இருந்தது. உன் தாத்தா, நம் ஐயாவின் ரெட்டைக்குழல். பெட்டகத்தில் எண்ணெய் தேய்த்த துணியில் சுற்றிக் கிடக்கும், திறந்தால் அந்த வாடை அடிக்கும். தோட்டா வேறு இடத்தில், இரும்புப் பெட்டியில். சாவி ஐயா அரைஞாணில். தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துச் சீட்டு வாங்கி வைப்பார், முடிந்ததும் போய் வாங்கி வருவார். ராத்திரி கள்ளன் வந்தால் ரெண்டையும் சேர்ப்பதற்குள் அவன் காரைக்குடி போய்ச் சேர்ந்திருப்பான். அது ஐயாவுக்குத் தெரியும். தெரிந்தே பிரித்து வைத்தார், வளவு முழுக்கப் பிள்ளைகள் படுத்திருந்த வீடு. வெள்ளைக்காரன் மருது பாண்டியர்களைத் திருப்பத்தூரில் தூக்கில் போட்ட 1801இலேயே நம் பக்கத்து ஆயுதங்களையும் தடை செய்தான், ஆயுதம் மானம் என்று பேசுகிறவர் ஐயா. ஆனாலும் பிரித்துத்தான் வைத்தார். அவர் காலமானதும் அப்பச்சி அதை முறைப்படி ஒப்படைத்துவிட்டார்.

வேண்டாம் என்பதுதான் என் பேச்சு. கதவுக்கு நல்ல பூட்டுப் போடு, கேமரா வை, ஒரு நாய் வளர். அப்படியும் வாங்கித்தான் தீருவாய் என்றால், வெளியே எடுத்துப் போகாதே. பூட்டுகிற பெட்டியில் வை, தோட்டாவை வேறு அறையில் பூட்டு. தலையணைக்கு அடியிலோ கார் டாஷ்போர்டிலோ வைக்காதே. மனசு சரியில்லாத நாளில் சாவியை மருமகளிடம் கொடு. நீ வாங்கினாலும் வாங்காவிட்டாலும், பேத்தி விளையாடப் போகிற வீடுகளில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேள். வேர்க்கடலை அலர்ஜி இருக்கிறதா என்று கேட்கிற ஊர்தானே, இதையும் கேட்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. மருமகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். இவ்வளவு பேசினாயே, அவள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்புடன்
ஆத்தா