கரண்ட் போனால் மணியும் போக வேண்டுமா?

வீட்டு மின்னணுச் சாதனங்களை வடிவமைக்கும் நிறுவனங்களின் பொறியாளர்களுக்கும், அவற்றுக்குத் தரம் வகுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்துக்கும்,

வணக்கம்.

மன்னார்குடியில் ரேடியோ, டி.வி. ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறேன். வீடியோ கேசட் ஓட்டும் வி.சி.ஆரை ஊரே டெக் என்று அழைத்த காலத்திலிருந்து இதே தொழில்தான். கடைக்கு வரும் சாமான்களில் ஒரு வகையைத் திறந்து பார்த்தால் பழுது எதுவும் இருக்காது. கரண்ட் போய் வந்திருக்கும், மணி அழிந்திருக்கும், அவ்வளவுதான். "12:00 மின்னிக்கிட்டே இருக்குங்க, என்னன்னு பாருங்க" என்று மைக்ரோவேவ் அடுப்பை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்துவிடுவார்கள். இரண்டு பட்டனைச் சேர்த்து மூன்று விநாடி அழுத்தி மணி வைத்துக் கொடுப்பேன். அதற்குக் காசு வாங்க மனம் வராது. ஆட்டோவுக்குக் கொடுத்த காசு அவர்களுக்குப் போனது போனதுதான்.

இதுவரை உங்களுக்கு எழுதத் தோன்றியதில்லை. எங்கள் தெருவில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு நடந்ததுதான் எழுத வைத்தது.

அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. சுவர்க் கடிகாரத்தின் முள் தெரியவில்லை என்பதால், பெரிய சிவப்பு எண்கள் ஒளிரும் எல்இடி கடிகாரம் ஒன்றை மகன் வாங்கி அனுப்பியிருந்தார். தஞ்சாவூரில் கண் டாக்டரைப் பார்க்கப் போக வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு 11 மணிக்குக் கரண்ட் போனது. இரண்டு மணிக்கு வந்தது. கடிகாரம் 12:00 என்று புதிதாகத் தொடங்கி நிம்மதியாக ஓட ஆரம்பித்துவிட்டது. அதில் எண்கள் மின்னக்கூட இல்லை. டீச்சர் வழக்கம்போல ஐந்து மணிக்கு விழித்துப் பார்த்திருக்கிறார். மூன்று என்று காட்டியது. திரும்பப் படுத்துவிட்டார். எழுந்தபோது பஸ் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. அடுத்து டாக்டரைப் பார்க்க மூன்று வாரம் காத்திருந்தார்.

கடிகாரத்தைப் பையில் போட்டு எடுத்து வந்தவர், "தம்பி, கடியாரம் பொய் சொல்லிடுச்சுப்பா. நான் அதை நம்பிட்டேன்" என்றார். நாற்பது வருடம் பிள்ளைகளுக்கு மணி பார்க்கக் கற்றுக்கொடுத்தவர்.

திறந்து பார்த்தேன். போர்டில், கரண்ட் இல்லாதபோது மணி காக்கும் பட்டன் செல் வைப்பதற்கான வட்டம் அச்சிடப்பட்டிருந்தது. ஹோல்டரின் கால்கள் இறங்க வேண்டிய துளைகளும் இருந்தன. ஹோல்டர் இல்லை, செல்லும் இல்லை. உங்களில் ஒருவர் கரண்ட் போகும் என்று யோசித்து அங்கே இடம் விட்டிருக்கிறார். தயாரிப்புக்குப் போகும் வழியில் வேறொருவர் அது வேண்டாம் என்று அடித்திருக்கிறார். அந்தக் காலி வட்டத்தைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

நீங்கள் அறிந்ததுதான். இருந்தாலும் இந்த மடலை வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மணி காக்கும் ஐசி என்ற சின்னச் சில்லுக்குப் பக்கத்தில் அரிசி மணியைவிடச் சற்றே நீளமான ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டல் இருக்கும். அது விநாடிக்கு 32,768 முறை அதிரும். அந்த எண்ணைப் பாதி, அதில் பாதி என்று 15 முறை வகுத்தால் சரியாக ஒன்று வரும். அதுதான் ஒரு விநாடி. இந்த எண்ணிக்கையை மட்டும் உயிரோடு வைத்திருக்க, அதற்கென்றே செய்த ஐசிக்கு அரை மைக்ரோ ஆம்பியர் போதும். ஓர் ஆம்பியரில் இருபது லட்சத்தில் ஒரு பங்கு. கடைகளில் கிடைக்கும் சிஆர்2032 செல்லின் பெயரிலேயே அளவு இருக்கிறது: குறுக்கே 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். அதற்குள் சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி, அதாவது 220 மில்லி ஆம்பியரை ஒரு மணி நேரம் கொடுக்கும் அளவு மின்சாரம் உண்டு. வகுத்துப் பாருங்கள், கணக்கில் ஐம்பது வருடம் வருகிறது. செல் தானாகவே அதற்கு முன் வயதாகிப் போகும் என்பதால் பத்து வருடம் என்றே வைத்துக்கொள்வோம். பத்து வருடம் போதாதா?

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி கம்ப்யூட்டரிலேயே பேட்டரியில் ஓடும் கடிகார ஐசி இருந்தது. அந்தக் காலத்துக் கடிகார ரேடியோக்களின் அடியில் 9 வோல்ட் பேட்டரிக்கு ஒரு மூடி இருக்கும். நான் கழற்றிய பழைய டெக்குகள் சிலவற்றில் மணி காக்கவென்றே சின்ன நிக்கல் காட்மியம் பேட்டரி வைத்திருந்தார்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பிரச்சினை இல்லையே என்று நீங்கள் நினைக்கலாம். இன்வெர்ட்டர் லைனில் விளக்கும் ஃபேனும் டி.வி.யும்தான் இருக்கும். மைக்ரோவேவ், வாஷிங் மெஷின், ஏ.சி. எதையும் எலக்ட்ரீஷியன் அதில் சேர்க்கமாட்டார், சேர்க்கவும் கூடாது. மணியைத் தொலைப்பவையும் பெரும்பாலும் அவைதான். மின்வாரியத்தை இதில் நான் குறை சொல்ல வரவில்லை. 2012இல் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் இருட்டில் கிடந்த மாவட்டங்களில் எங்களுடையதும் ஒன்று. இன்று நிலைமை எவ்வளவோ மேல். ஆனாலும் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்தி மாலையில் கொடுக்கும் நாட்கள் உண்டு, மழைக்காலம் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, எங்கள் பகுதியில் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. வாரக்கணக்கில் கரண்ட் இல்லாத கிராமங்கள் இருந்தன. மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கி வைக்கும் கெபாசிட்டரை வைத்துச் சில மணி நேரமோ சில நாட்களோ மணி காப்பது நல்ல ஏற்பாடுதான், ஒன்றுமில்லாததற்கு அது மேல். ஆனால் கடற்கரை மாவட்டத்துக்காரன் கேட்பது பட்டன் செல்.

இதைவிட என்னை உறுத்துவது சிசிடிவி கேமராவின் படத்தைப் பதிவு செய்யும் டி.வி.ஆர். பெட்டி. அதற்குள் பட்டன் செல் உண்டு. சில மலிவுப் பெட்டிகளில் அதைப் போர்டோடு சேர்த்துச் சால்டர் செய்துவிடுகிறீர்கள். செல் தீர்ந்தது வீட்டுக்காரருக்குத் தெரிய வழியில்லை. அடுத்த முறை கரண்ட் போய் வந்ததும் தேதி 2000ஆம் ஆண்டு ஜனவரி 1க்குப் போய்விடும். மின்னி எச்சரிக்காது. தப்பான தேதியைப் படத்தின் மூலையில் அச்சிட்டுக்கொண்டே பதிவு செய்யும்.

தெரிந்தவர் வீட்டில் இரவில் திருடு போனது. பதிவைத் தேடினால் அந்தத் தேதியில் ஒன்றுமே இல்லை. என்னைக் கூப்பிட்டார்கள். பெட்டி இப்போது காட்டும் நேரத்துக்கும் உண்மையான நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடித்துக் கழித்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் திருட்டுக்குப் பிறகு இரண்டு முறை கரண்ட் போயிருந்தது. ஒவ்வொரு முறையும் மணி மறுபடி ஆரம்பத்துக்கே போனதால், அந்த இரவின் வித்தியாசம் வேறு. கடைசியில் படத்தில் பால்காரர் சைக்கிள் வந்து நின்ற காட்சியைப் பிடித்து, அவர் தினமும் வரும் நேரத்தை வைத்துப் பின்னோக்கி எண்ணினோம். நல்லவேளை, அவர் நேரம் தவறாதவர். போலீஸ் ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் சான்றாக நிற்க வேண்டிய பதிவுக்கு ஒரு பால்காரர் சைக்கிள்தான் ஆதாரம் என்பது நியாயமா?

உங்கள் சாதனங்களுக்கு ஞாபகம் வைக்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. வாஷிங் மெஷின், துணி அலசும் கட்டத்தில் நின்றது என்பதை நினைவில் வைத்து, கரண்ட் வந்ததும் அங்கிருந்தே தொடர்கிறது. ஏ.சி., 24 டிகிரி வைத்திருந்ததை மறக்காமல் தானே மறுபடி ஓடத் தொடங்குகிறது. ஆனால் இரண்டு மணிக்கு அணைந்துவிடு என்று போட்ட டைமரை மறந்துவிடுகிறது. விடியும்வரை ஓடிய கரண்டுக்குப் பணம் கட்டுவது வீட்டுக்காரர். நிலையாக நிற்கும் எண்ணை மெமரி ஐசியில் எழுதி வைத்தால் போதும், ஓடிக்கொண்டிருக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் மின்சாரம் வேண்டும் என்பது எனக்கும் தெரியும். அந்தக் கொஞ்சத்தைத்தான் கேட்கிறேன்.

பட்டன் செல்லில் ஆபத்து இருப்பதையும் மறைக்கமாட்டேன். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும். அதனால் மூடிக்குத் திருகாணி போடுங்கள், நகத்தால் திறக்கும்படி வைக்காதீர்கள். ஆனால் ஹோல்டரில் வையுங்கள். சால்டர் செய்து புதைத்துவிட்டால், ஐம்பது ரூபாயில் முடியும் வேலைக்குப் பெட்டியையே தூக்கிப்போடச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தர நிர்ணய அமைவனத்தாரிடம் ஒரே வேண்டுகோள். மணி காட்டும் எந்தச் சாதனமானாலும் அட்டைப்பெட்டியின் மேல் ஒரு வரி இருக்கட்டும்: மின்சாரம் நின்றால் இத்தனை மணி நேரம் கடிகாரம் ஓடும். பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்றே போடட்டும். வாங்குபவர் தெரிந்து வாங்குவார். மணி உறுதியில்லாத நேரத்தில் எண்கள் மின்னியே ஆக வேண்டும் என்பதையும் விதியாக்குங்கள். மின்னும் 12:00 தொந்தரவுதான், ஆனால் அது தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிறது. டீச்சருக்கு அந்த ஒப்புதல் கூடக் கிடைக்கவில்லை.

அவருடைய கடிகாரத்தில் அந்தக் காலி வட்டத்தில் ஒரு ஹோல்டரை வைத்துச் சால்டர் செய்து, புது செல் போட்டுக் கொடுத்தேன். பத்து நிமிட வேலை. போன வியாழக்கிழமை எங்கள் தெருவுக்குப் பராமரிப்பு மின்தடை. கரண்ட் வந்ததும் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். சுவரில் 5:12 என்று இருந்தது. என் கைக்கடிகாரத்திலும் 5:12.

இப்படிக்கு,
ஒரு ரிப்பேர்க் கடைக்காரன்,
மன்னார்குடி