ரனல் ஹல்லோ வீ பொட்டமோ: மச்சானுக்கு ஒரு பதில்

மச்சான்,

உன்ர வொய்ஸ் மெசேஜ் ரெண்டும் கிடைச்சது. போட் திருத்திற கொட்டிலுக்குள்ள கிறைண்டர் ஓடிற சத்தத்தில ஒண்டும் விளங்கேல்லை, இரவு சாப்பிட்டிட்டு ஆறுதலா இருந்து திருப்பிக் கேட்டனான். நாங்கள் எல்லாரும் சுகம். அம்மாவுக்குத்தான் முழங்கால் நோ, படி ஏற ஏலாது எண்டுறா. உன்னை ஒவ்வொரு கிழமையும் விசாரிப்பா. பெரியவன் ஏ.எல் எழுதிப்போட்டு இப்ப என்னோட கொட்டிலுக்கு வாறான், பைபர் மற் (கண்ணாடி நார் விரிப்பு) வெட்டி ரெசின் பூசிப் பழகிட்டான், கை நல்ல சுத்தம். குருநகர்ல தொழில் முந்தின மாதிரி இல்லையடா, மண்ணெண்ணை விலைக்கும் பிடிபடுற மீனுக்கும் கணக்குச் சரிவராமல் கன பேர் நிறைய நாள் வீட்டிலதான் நிக்கினம். எனக்கு வேலை குறையேல்லை, பழைய போட்டையே திரும்பத் திரும்பத் திருத்தி ஓடுகினம்.

இனி உன்ர விசயம். அங்கை கனடாவில சிம்கோ ஏரியில ஓட ஒரு பழைய போட் வாங்கப் போறாய், ஒண்டு ரனல் ஹல் (அடியில சுரங்கம் மாதிரி வெளி விட்டது), மற்றது பாட் வைச்ச வீ பொட்டம் (அடி வீ எழுத்து மாதிரிக் கூரா இருக்கிறது), ரெண்டுமே 19 அடிக்குக் கிட்ட, ரெண்டிலயும் 200 குதிரை அவுட்போர்ட் எஞ்சின், எது எண்டு கேட்டனீ. முடிவை முதல்ல சொல்லிப்போடுறன், வீயை எடு. ஏனெண்டு சொல்லத்தான் இவ்வளவு நீளமா ரைப் பண்ணுறன், ஏனெண்டால் வேகம் மட்டும் பாத்தா ரனல்தான் வெல்லும், நீ அதைப் பாத்து மயங்கிப்போய் இருக்கிறாய் எண்டு உன்ர குரலிலயே தெரியுது.

ரனல் எப்பிடி ஓடுது எண்டு பார். ரெண்டு பக்கமும் ஸ்பொன்சன் எண்ட ஒடுக்கமான மிதவை, நடுவில கூரை மாதிரி ஒரு வெளி. வேகம் கூடக் கூட முன்னால வாற காத்து அந்த வெளிக்குள்ள புகுந்து அமத்துப்பட்டு போட்டை மேல தூக்கும். தண்ணியில படுற பகுதி குறையும், தண்ணி இழுக்கிற இழுவை குறையும், அதே எஞ்சினுக்கு வீயை விட வேகம் கூட வரும். ஃபோர்மியூலா வண் ரேஸ் போட்டெல்லாம் இதுதான், 6 மீற்றர் நீளம், 400 குதிரைக்குக் கிட்ட, 200 கிலோமீற்றருக்கு மேல போகும். 1981 இல அந்தச் சாம்பியன்ஷிப் தொடங்கேக்க முதல் பட்டம் எடுத்தது இத்தாலிக்காரன் ரெனாற்றோ மொலினாரி, அவையின்ர குடும்பமே ரனல் கட்டிற குடும்பம். வளைவிலயும் ரனல் சாயாது, தட்டையா நிண்டு ஸ்பொன்சன் விளிம்பால தண்ணியை வெட்டிக்கொண்டு திரும்பும், பாக்கவே வடிவு. எனக்கும் அதில சரியான ஆசை இருக்குதடா, இல்லையெண்டு சொல்லேல்லை.

ஆனா காத்தின்ர தூக்கல் வேகத்தோட நேரா ஏறாது. வேகம் ரெண்டு மடங்கானா தூக்கல் நாலு மடங்கு. 40 மைலில பெரிசா ஒண்டும் செய்யாத காத்து 80 மைலில நாலு பங்கு தூக்கும். அதோட எதிர்க்காத்தையும் சேர். நீ 80 இல போறாய், முகத்துக்கு 20 மைல் காத்து அடிக்குது எண்டு வை, ரனலுக்கு அது 100 மைல் காத்து, தூக்கல் பாதிக்கு மேல கூடிப்போச்சு, நீ திறொட்டில்ல விரலும் வைக்கேல்லை. இதுக்குள்ள ஒரு அலையில மூக்குக் கொஞ்சம் நிமிர்ந்தா காத்துப் படுற கோணம் கூடும், கோணம் கூடினா தூக்கல் கூடும், தூக்கல் கூடினா மூக்கு இன்னும் நிமிரும். வல்வெட்டித்துறையில பொங்கலுக்குப் பட்டம் ஏத்தேக்க முச்சை (பட்டத்தில கட்டுற கயிறு) பிழைச்சா பட்டம் எப்பிடி ஒரேயடியாப் பிரண்டு விழும், அதே கதைதான், அதில நீ இருக்கிறாய். புளோஓவர் எண்டு சொல்லுவினம், போட் பின்பக்கமாக் கரணம் அடிக்கும். 1967 ஜனவரி 4 ஆம் திகதி இங்கிலாந்து கொனிஸ்ரன் ஏரியில வேக சாதனைக்காரன் டொனால்ட் கம்பெல் செத்தது இப்பிடித்தான், 300 மைலுக்கு மேல போகேக்க அவரின்ர புளூபேர்ட் போட் மூக்கைத் தூக்கிப் பிரண்டது. அது ரனல் இல்லை, மூண்டு இடத்தில தண்ணியில படுற ஹைட்ரோபிளேன், ஆனா காத்து செய்த வேலை ஒண்டுதான். ரேஸ்காரருக்கு இப்ப பலமான கொக்பிட் கூடு, பெல்ற், எயார்பாக் எல்லாம் இருக்கு. நீ வாங்கப்போற 19 அடியில ஒரு சீட்டும் ஒரு ஸ்ரியறிங்கும்தான் இருக்கும்.

என்ர பயம் என்னெண்டால், ரனல் பெரிசாச் சைகை காட்டாது. நல்லா, மெத்தெண்டு, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும், இன்னும் கொஞ்சம் ட்ரிம் (எஞ்சின்ர சாய்வு) ஏத்துவம் எண்டு நினைக்கிற இடத்துக்கும் பிரளுற இடத்துக்கும் இடையில தூரம் குறைவு. பழகின ஓட்டி அதை இடுப்பில உணருவான். நீ ஐஞ்சு மாதம் ஓடி ஏழு மாதம் பனிக்குள்ள மூடி வைக்கிறனீ, அந்த உணர்வு ஒவ்வொரு வருசமும் புதுசாத் தொடங்க வேணும்.

வீ அப்பிடி இல்லை, வீ கத்திச் சொல்லும். பாட் எண்டது கீலுக்கு (அடியின்ர நடுக்கோட்டுக்கு) பின்பக்கம் ஒரு சாண் அளவில தட்டையா விட்டிருக்கிற பட்டை, அலிசன், ஹைட்ரோஸ்ட்ரீம் கொம்பனியள் கட்டினதெல்லாம் அதில பேரெடுத்த போட்தான். வேகம் ஏற போட் முழுக்க எழும்பி அந்தப் பட்டையில மட்டும் நிக்கும். நிண்டவுடனே ரெண்டு பக்கமும் தாங்க ஆள் இல்லை, புரொப்பலர் சுழலுற முறுக்கு ஒரு பக்கம் சாய்க்கும், சாஞ்ச பக்கம் தண்ணியில இடிச்சுத் திரும்பும், மற்றப் பக்கம் சாயும், இடம் வலம் இடம் வலம் எண்டு ஆடத் தொடங்கும். இதுக்குப் பேர் சைன் வோக். முதல்தரம் ஆடேக்க நெஞ்சு பதறும், ஆனா அது மெதுவாத் தொடங்கி வளருற ஆட்டம், திறொட்டிலைக் கொஞ்சம் தளத்தினா நிக்கும். சடாரெண்டு முழுக்க மூடாதை, மூக்கு விழுந்து இழுத்துப்போடும். ஸ்ரியறிங்கில ஒரு நூல் ஆட்டமும் இருக்கக்கூடாது, ஆட்டம் இருக்கிற ஸ்ரியறிங்தான் சைன் வோக்கை வளக்கிறது, ஹைட்ரோலிக் இல்லாட்டில் ரெட்டைக் கேபிள் போட்டிருக்கோ எண்டு முதல் பார். பழகப் பழகக் கையே தன்பாட்டில சின்னச் சின்னதாத் திருத்திக்கொண்டு போகும். அதைப் பழகிறதில இருக்கிற சந்தோசம் ரனல்ல வராது எண்டு நான் நினைக்கிறன்.

அடுத்தது தண்ணி. சிம்கோ 700 சதுர கிலோமீற்றருக்கு மேல, காத்துப் பிடிச்சா கிட்டக் கிட்டக் குத்தலான அலை எழும்பும் எண்டு நீயே சொன்னனீ. எங்கடை பாக்குநீரிணையும் ஆழமில்லாத கடல், சோளகம் பிடிச்சா குறிகட்டுவானில இருந்து நெடுந்தீவுக்குப் போற வழியில அலை நீளமா உருண்டு வராது, கட்டையா நிமிர்ந்து நிக்கும், ஒண்டு முடிய முதல் மற்றது. முந்தி நானும் நீயும் உன்ர சித்தப்பாவின்ர போட்டில போகேக்க அணியத்தில இருந்த பாத்திரம் எல்லாம் எழும்பி விழும், ஞாபகம் இருக்கும். எங்கடை பைபர் போட் முன்பக்கம் கூர், பின்னுக்குப் போகப் போகத் தட்டை, சுமை தூக்கும், ஆனா பின்பக்கம் அடிக்கும். ரனலுக்குச் சின்னச் சலசலப்பு பிரச்சினை இல்லை, ரெண்டு ஸ்பொன்சனும் மேலால தாண்டிப் போகும், நடுவில காத்து மெத்தை மாதிரித் தாங்கும். ஆனா அலை ரனலின்ர கூரையைத் தொடுற உயரத்துக்கு வந்தால் அடி நேரா நாரிக்கு. ஸ்பொன்சன் நுனி அடுத்த அலைக்குள்ள குத்தினா இன்னும் மோசம். அதோட தங்கச்சியும் பிள்ளையளும் கூலரும் ஏறினா ஒடுக்கமான ஸ்பொன்சன் தாழும், பிளேனில (தண்ணிக்கு மேல வழுக்கி ஓடுற நிலையில) ஏறவே எஞ்சின் கஷ்டப்படும். ரனலுக்குச் சுமை பிடிக்காது.

வீயின்ர பெருமை குத்தலான தண்ணியிலதான் வந்தது. 1960 இல மயாமியில இருந்து நசோவுக்கு நடந்த போட் ரேஸில கடல் சரியான கொந்தளிப்பு, டிக் பேட்ரம் மொப்பி எண்ட டீப் வீ போட்டில எட்டு மணித்தியாலம் அளவில போய் வெண்டார். டிசைன் பண்ணினது ரே ஹண்ட். அதுக்கு முதல் வேகப் போட் எல்லாம் பின்பக்கம் கிட்டத்தட்டத் தட்டை, ஹண்ட் முன்பக்கத்து வீ வடிவத்தை ரான்ஸம் (எஞ்சின் பூட்டுற பின்பலகை) வரைக்கும் 24 பாகை அளவில அப்பிடியே கொண்டுபோய், தண்ணியைக் கீழ திருப்பித் தூக்கல் எடுக்க நீளத்துக்கு ஸ்ட்ரேக் எண்ட ஒடுக்கமான வரம்புகள் வைச்சார். கூர் கூடக் கூட மெத்தெண்டு போகும், ஆனா அதே வேகத்துக்குக் கூட எஞ்சின் வேணும், அந்தப் பேரம் இண்டைக்கும் மாறேல்லை. ஹண்ட் மசச்சூசெற்ஸ் ஆள். எங்கடை வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணி எண்ட பாய்க்கப்பல் 1938 இல போய்ச் சேர்ந்த குளொஸ்ரர் துறைமுகமும் அதே மசச்சூசெற்ஸ்தான். எங்கடை ஆக்கள் பாய்க்கப்பலில போன கரை அது, வாசிக்கேக்க எனக்கு மயிர் கூச்செறிஞ்சது. ரனலின்ர மூதாதையும் உங்கடை நாட்டு ஆள்தான், அல்பேட் ஹிக்மன், கனடாக்காரர், 1910களில சீ ஸ்லெட் எண்டு கவிழ்த்த வீ பொட்டம் கட்டினவர், புரொப்பலரைப் பாதி தண்ணிக்கு வெளியில சுத்த விட்டதும் அவர்தான். இந்த மனிசனைப் பற்றி அங்கை ஆக்களுக்குத் தெரியாமல் இருக்கிறது எனக்குப் பெரிய குறை.

இஞ்சை ரனல் ஓடலாமோ எண்டு பெரியவன் கேட்டவன். விடிய வெள்ளன பண்ணைப் பாலத்தடியில பரவைக்கடல் கண்ணாடி மாதிரி இருக்கேக்க எனக்கும் அந்த நினைப்பு வாறதுதான். ஆனா கன இடத்தில ஆழம் இடுப்பளவு, எங்க பாத்தாலும் களங்கண்டி (மீன் பிடிக்க நட்ட) தடி, வலை, அதுக்குள்ள 60 மைலில போறது தொழில் செய்யிற ஆக்களுக்குச் செய்யிற அநியாயம். வேண்டாம்.

இப்ப நீ செய்ய வேண்டியது இதுதான். வீயைப் பாக்கப் போகேக்க ஒரு ஆறடி அலுமினியப் பட்டை, நேரா இருக்கிறது, கொண்டுபோ. போட்டுக்குக் கீழ படுத்து அதை அந்தப் பாட் தட்டையில நீளத்துக்கு வைச்சு ரான்ஸம் விளிம்போட சேர்த்துப் பிடி, பின்னால ரோச் அடி. பட்டை ரான்ஸத்திலயும் முன்னாலயும் முட்டி நடுவில வெளிச்சம் தெரிஞ்சா அது ஹூக், பின்பக்கம் கீழ தொங்கியிருக்கு, ஓடேக்க மூக்கை அமத்தும், வேகத்தில ஸ்ரியறிங் தன்பாட்டில இழுக்கும். நடுவில முட்டி ரான்ஸத்தடியில வெளிச்சம் தெரிஞ்சா ரொக்கர், மூக்குக் குத்திக் குத்தி எழும்பும். காசுக் குத்தி ஒண்டு நுழையிற இடைவெளியே 70 மைலில தெரியும். பழைய போட்டுக்கு ஹூக் வாறது கூடுதலா ட்ரெயிலராலதான், தாங்குற கட்டை ரான்ஸம் வரை வராட்டில் எஞ்சின் பாரத்துக்குப் பைபர் வருசக் கணக்கில வளையும், அதால ட்ரெயிலரையும் குனிஞ்சு பார். ரான்ஸத்தின்ர கீழ் விளிம்பு கூரா இருக்க வேணும், பெயின்ற் அடிச்சு உருண்டையாக்கி வைச்சிருந்தா தண்ணி பிரியாமல் ஒட்டிக்கொண்டு இழுக்கும்.

பிறகு ரான்ஸத்தைச் சுத்தியல் பிடியால தட்டு. கிண்ணெண்டு கேட்டாச் சரி, பொத்தெண்டு கேட்டா உள்ளுக்குப் பிளைவூட் ஊறியிருக்கு. உங்கடை நாட்டில ஊறின பலகை பனியில உறைஞ்சு வீங்கி பைபரைப் பிரிச்சுப்போடும், அப்பிடி எண்டால் விலை எவ்வளவு குறைச்சாலும் வாங்காதை. எஞ்சின் போல்ட் சுத்திவர நட்சத்திரம் மாதிரி வெடிப்பு இருக்கோ எண்டும் பார்.

எஞ்சினை முதல் கோடை முழுக்கப் பதிச்சு ஓடு, உயத்தாதை. புரொப்பலர் ஷாஃப்ற் அந்தப் பாட் மட்டத்துக்குக் கிட்ட உயர உயர வேகம் வரும், ஆனா தண்ணி எடுக்கிற ஓட்டை வெளியில வந்து எஞ்சின் சூடாகும், தண்ணி பிரெஷர் மீற்றர் இல்லாமல் அந்த வேலைக்குப் போகாதை. கில் சுவிட்ச் (ஆள் விழுந்தா எஞ்சினை நிப்பாட்டுற சுவிட்ச்) கயிறு உடுப்பில கொழுவாமல் கீயைத் திருப்பாதை, பிள்ளையள் ஏறேக்கயும் சரி, பக்கத்தில ஒருக்கா நகத்தேக்கயும் சரி.

அந்தப் பட்டை வைச்சுப் பிடிச்ச படம் ரெண்டு பக்கத்தாலயும் எடுத்து வட்சப்பில போடு, விலை பேச முதல் போடு, நான் கொட்டில்ல தான் நிப்பன். தங்கச்சியையும் பிள்ளையளையும் கேட்டதாச் சொல்லு. அம்மா உனக்கு ஒடியல் மாவும் பனங்கட்டியும் கட்டி வைச்சிருக்கிறா, ஆடியில ஆரும் இஞ்சாலை வந்து திரும்பிறவை இருந்தா நம்பர் அனுப்பு.

அன்போட,
உன்ர மச்சான்
குருநகர்