வழுக்கி விழுந்தவர்கள் பற்றி நம் எம்.பி.க்களுக்கு

தமிழ்நாட்டு எம்.பி.க்களுக்கு வணக்கம்.

மக்களவையில் 39, மாநிலங்களவையில் 18, ஆக 57 பேர் இருக்கிறீர்கள். உங்கள் போனுக்கும் அந்தப் படம் வந்திருக்கும்: கையில் மாவுக்கட்டு, இரண்டு பக்கமும் போலீஸ், கீழே 'பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்' என்று ஒரு வரி. சிரிக்கிற எமோஜி போட்டு அதை நாலு பேருக்கு அனுப்பியவன்தான் நானும். அந்த ஆள் அப்போது கோர்ட் படியைக்கூட மிதித்திருக்கவில்லை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

அரசியல் சாசனத்தைக் குறை சொல்ல முடியாது. தனக்கு எதிராகவே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது, கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், எல்லாம் இருக்கிறது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலமும் கோர்ட்டில் செல்லாது. ஆனால் அதை வைத்து ஒரு அரிவாளையோ நகையையோ எடுத்துவிட்டால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். அடி விழுவதற்கு அந்த இடுக்கு போதும்.

உச்ச நீதிமன்றம் சும்மா இருக்கவில்லை. 1986இல் மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவராக இருந்த டி.கே. பாசு காவல் மரணங்கள் பற்றி எழுதிய ஒரு கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு, 1996இல் கைதுக்கு விதிமுறை வகுத்தது. 2020இல் எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வைத்து, பதிவை 18 மாதம் பாதுகாக்கச் சொன்னது. கழிப்பறைக்கு வெளியே மட்டும்தான் கேமரா, உள்ளே வைக்க முடியாது, நியாயம்தான். என்ன செய்ய, எல்லோரும் வழுக்கி விழுவது உள்ளேதான்.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்துப் போட்டது, அதற்குக் கட்டுப்படுகிறோம் என்று இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. 2010இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதா மாநிலங்களவையில் தங்கி, 2014இல் காலாவதியாகிப் போனது. இலங்கை 1994இலேயே தனிச் சட்டம் போட்டது, வங்கதேசம் 2013இல். அதனால் அங்கெல்லாம் அடி நின்றுவிட்டதா என்று கேட்காதீர்கள், அதிலும் இலங்கையைப் பற்றி நம்மிடம்.

நான் கேட்பது ஒன்றுதான். காவலில் இருந்தவர் உடம்பில் காயம் இருந்தால் அது போலீஸ் செய்தது என்றே கோர்ட் அனுமானிக்கலாம், தான் செய்யவில்லை என்பதைப் போலீஸ்தான் நிரூபிக்கட்டும் என்று 1985இலேயே சட்ட ஆணையம் எழுதிக் கொடுத்தது, 2017இல் திரும்பவும் சொன்னது. 2023இல் சாட்சியச் சட்டத்தையே புதிதாக எழுதியபோதும் அந்த ஒரு பிரிவு உள்ளே வரவில்லை.

வெள்ளிக்கிழமைகளில், அமைச்சரல்லாத எம்.பி.க்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாவுக்கு நேரம் ஒதுக்குகிறார்களே, அதில் ஒரு வெள்ளிக்கிழமை இதற்குக் கொடுங்கள். தோற்றாலும் பரவாயில்லை, யார் எதிர்த்துப் பேசினார்கள் என்பது அவைக்குறிப்பில் இருக்கும்.