மதிலுக்குள்ளே நாங்களும் இருக்கிறோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்தை ஒரே நாளில் சுற்றிக் காட்டும் பயணக் கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. பத்மநாபபுரத்தைப் பற்றி அதில் ஒரு வரி: "கோட்டை மதிலுக்குள் அரண்மனையைத் தவிர வேறொன்றும் இல்லை, ஒரு மணி நேரம் தாராளம்." இந்த வரியை நான் வாசித்தது அந்த மதிலுக்குள் இருக்கும் என் வீட்டுத் திண்ணையில். ஒன்றுமில்லாத இடத்தில் உட்கார்ந்து எப்படி வாசித்தேன் என்று எனக்கே ஆச்சரியம்.

31 ஆண்டுகள் இந்த வட்டாரத்தில் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். யாருமில்லாத ஊருக்கா அத்தனை மணியார்டரும் கல்யாணப் பத்திரிகையும் வளைகுடாக் கடிதமும் வந்தன? தங்களுக்குத் தெரியாததல்ல, பத்மநாபபுரம் ஒரு நகராட்சி. சட்டமன்றத் தொகுதிக்கும் அதே பெயர்தான். தேர்தல் வந்தால் தங்கள் பத்திரிகையிலேயே எங்கள் தொகுதி நிலவரம் வருகிறது. அப்போதெல்லாம் அரண்மனையா வந்து ஓட்டுப் போட்டது?

மதில் கருங்கல்லால் ஆனது, சுமார் 4 கிலோமீட்டர் நீளம். அதற்குள் திருவிதாங்கூர் மன்னர்களின் பழைய அரண்மனை ஒரு பகுதி, அவ்வளவுதான். மீதியெல்லாம் தெருவும் வீடும் கிணறும் தென்னையும் கோயில்களும். நீலகண்டசுவாமி கோயிலைக் கட்டுரையாளர் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டார் போலிருக்கிறது. சிவராத்திரிக்குப் பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு ஓடுகிறார்களே, சிவாலய ஓட்டம், அதில் ஏழாவதான கல்குளம் கோயில் இதுதான். காவி வேட்டியும் கையில் விசிறியுமாக "கோவிந்தா, கோபாலா" என்று கூப்பிட்டுக்கொண்டு இந்தத் தெரு வழியாகத்தான் ஓடி வருவார்கள். சிவன் கோயிலுக்கு ஓடுகிறவர்கள் கோவிந்தனைக் கூப்பிடுவது வேறு எந்த ஊரில் உண்டு என்று எனக்குத் தெரியவில்லை. அப்புறம் நவராத்திரி. சரஸ்வதி அம்மன் திருவனந்தபுரத்துக்குப் புறப்படும்போது மன்னரின் உடைவாள் கைமாறுவதும், இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை கொடுப்பதும், தெரு முழுக்க ஆட்கள் நிற்பதும் இதே ஒன்றுமில்லாத இடத்தில்தான்.

இந்தக் கோபம் இன்று நேற்று வந்ததல்ல. வேலையில் இருந்தபோது எத்தனையோ கடிதங்கள் "பத்மநாபபுரம், கேரளா" என்று முகவரி போட்டு வரும். அவை திருவனந்தபுரத்தைச் சுற்றிவிட்டு, மேலே இரண்டு மூன்று முத்திரை வாங்கிக்கொண்டு, நாள் தாமதமாக என் பைக்கு வந்து சேரும். ஒரு நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு, தேர்வு முடிந்து இரண்டாம் நாள் வந்தது. அந்தப் பையன் என் கையிலிருந்து உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. 1956 நவம்பர் 1 முதல் இந்த மண் தமிழ்நாடு. அரண்மனையை மட்டும் கேரள அரசின் தொல்லியல் துறை பராமரிக்கிறது. இது பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஆனாலும் பத்து வருடம் முன்பு தாங்களே ஒரு படத்துக்கு அடியில் "கேரளத்தின் பத்மநாபபுரம்" என்று போட்டீர்கள். அன்றைக்கே அஞ்சலட்டை எழுதினேன். பதில் இல்லை. தபால்காரன் போட்ட தபால் தொலைந்திருக்காது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

சரி, கட்டுரைக்கு வருகிறேன். கன்னியாகுமரியில் உதயம், 8 மணிக்கு விவேகானந்தர் பாறைக்குப் படகு, சுசீந்திரம், அங்கிருந்து வட்டக்கோட்டை, பிறகு பத்மநாபபுரம், மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவியில் குளியல், மாலையில் திரும்பவும் கன்னியாகுமரியில் அஸ்தமனம் என்று வரிசை கொடுத்திருக்கிறார். படகு வரிசையில் நின்றவர் எழுதிய கட்டுரை இல்லை இது. வட்டக்கோட்டை கன்னியாகுமரிக்கு வடகிழக்கே ஏறக்குறைய 6 கிலோமீட்டர். சுசீந்திரம் நாகர்கோவில் பக்கம். சுசீந்திரம் வந்தவர் திரும்பி வட்டக்கோட்டைக்குப் போய், மறுபடியும் வந்த வழியே மேற்கே எங்கள் பக்கத்து ஊரான தக்கலைக்கு வர வேண்டுமாம். கருடன் மேல் ஏறித்தான் சுற்ற வேண்டும்.

போதாக்குறைக்கு வட்டக்கோட்டையை "டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை" என்கிறார். டச்சுக்காரர்கள் 1741-ல் குளச்சலில் திருவிதாங்கூர் மகாராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றவர்கள். அங்கே பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டி லனாய் பிறகு மகாராஜாவின் படையிலேயே தளபதியாகி, மகாராஜாவுக்காகக் கோட்டைகளைப் பலப்படுத்திக் கொடுத்தார். தோற்றவர் ஜெயித்தவரிடம் சம்பளம் வாங்கிக் கட்டினால் அது தோற்றவர்களின் கோட்டை ஆகிவிடுமா? (வட்டக்கோட்டை வட்டமாகவும் இருக்காது. அது வேறு கதை.) அதே டி லனாய் 1777-ல் இறந்து அடக்கமாகியிருப்பது புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டையில். கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து இருக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து அரண்மனைக்கு வருகிற வேன்கள் எல்லாம் அந்தப் பக்கமாகத்தான் வருகின்றன. கட்டுரையில் உதயகிரி என்ற பெயரே இல்லை.

இத்தனையையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் மனைவியும் "விடுங்க, எழுதி என்ன ஆகப் போகுது" என்றுதான் சொன்னாள். ஆனால் கடைசிப் பத்தியில் ஒரு யோசனை சொல்லியிருக்கிறாரே: "கூட்டத்தைத் தவிர்க்க விரும்புவோர் திங்கட்கிழமை செல்லலாம்." நல்ல யோசனை. திங்கட்கிழமை கூட்டமே இருக்காது. அரண்மனைக்கு அன்று விடுமுறை.

இதழ் வந்த அடுத்த திங்கட்கிழமை, பகல் 11 மணிக்குத் தர்மபுரியிலிருந்து ஒரு குடும்பம் வேனில் வந்து இறங்கியது. வேன் வழக்கம்போல் என் வாசலை மறித்துத்தான் நின்றது, அது பழகிவிட்டது. பூட்டிய வாசலைப் பார்த்துவிட்டு வந்து பெரியவர் ஒருவர் என் திண்ணையில் உட்கார்ந்தார். எண்பது வயதிருக்கும். கையில் தங்கள் இதழ், நாலாக மடித்து. "ஏங்க, இன்னிக்குப் போகச் சொல்லித்தானே எழுதியிருக்காங்க?" என்று அந்தப் பத்தியை விரலால் தொட்டுக் காட்டினார். நான் என்ன சொல்வது? தண்ணீரும் இரண்டு மட்டி வாழைப்பழமும் கொடுத்தோம். கண்ணாடி மாதிரி மினுங்கும் அந்தக் கறுப்புத் தரையைப் பார்க்க வேண்டுமென்று அவருக்கு ரொம்ப நாள் ஆசையாம். மறுநாள் இருந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றேன். ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று என்றார் மகன். மதிலோரம் கூட்டிப்போய்க் கல்லைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். பேரப்பிள்ளைகள் அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பெண்கள் கழிப்பறை கேட்டு எங்கள் வீட்டுக்குள் போனார்கள். போகும்போது பெரியவர் இதழைத் திண்ணையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். இப்போது என்னிடம் இரண்டு பிரதிகள் இருக்கின்றன.

ஆகவே தயவுசெய்து அடுத்த இதழில் இரண்டு வரி போடுங்கள்: பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாட்களில் மதியம் 1 மணி முதல் 2 மணி வரை அடைத்திருக்கும். ஊர் இருக்கிறது என்று போடக்கூட வேண்டாம். அந்த இரண்டு வரிக்கும் இடமில்லை என்றால் கட்டுரையாளரை ஒரு திங்கட்கிழமை பார்த்து இங்கே அனுப்பி வையுங்கள். திண்ணை இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தபால்காரர்,
கோட்டைக்குள், பத்மநாபபுரம்,
கன்னியாகுமரி மாவட்டம், தமிழ்நாடு.