அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2004ஆம் ஆண்டு வெளிவந்த 'இஃப் ஒன்லி' என்ற ஆங்கிலப் படத்தைப் பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். விபத்தில் பறிகொடுத்த காதலி சமாந்தாவைக் காப்பாற்ற அதே நாளை மறுபடி வாழும் வாய்ப்பைப் பெற்ற இயன் என்ற இளைஞனின் கதையை, 'தலையெழுத்தை யாராலும் அழிக்க முடியாது' என்று உணர்த்தும் படமாகக் கட்டுரையாளர் முடித்துவைத்திருக்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. தலையெழுத்து அவ்வளவு உறுதியானதென்றால் இரண்டாம் முறையும் சமாந்தாவே இறந்திருக்க வேண்டும். வண்டியும் அதே, விபத்தும் அதே; ஆனால் அவளை அணைத்து மறைத்துக்கொண்ட இயன் உயிரை விடுகிறான், அவள் பிழைக்கிறாள். இதை விதியின் வெற்றி என்று எப்படிச் சொல்வது?

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் இந்தப் படத்தை அண்மையில் ஒரு மண்டபத்தில் திரையிட்டார்கள். மலாய் எழுத்துகள் கீழே ஓடினாலும், வந்திருந்த மூத்தவர்களுக்காக ஓர் இளைஞர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு தமிழில் கதை சொல்லிக்கொண்டிருந்தார். மருத்துவமனைக் காட்சி முடிந்து, இறந்தவள் மறுநாள் காலை கட்டிலில் கண்விழித்ததும், என் பின்வரிசையில் இருந்த ஒரு பாட்டி, "என்னய்யா, ரீலை மாத்திப் போட்டுட்டியா?" என்று உரக்கக் கேட்டுவிட்டார். அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டியபோது ரீல் முன்பின்னாக மாறிப்போவது வழக்கம் என்பதால், அந்தக் கேள்வியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இளைஞர் விளக்கியதும் பாட்டிக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. விடிவதற்கு முன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, அதே நிரையில் அதே ரப்பர் மரங்களை ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டி, மங்கு என்னும் கிண்ணத்தில் வடிந்த பாலை எடுத்து ஊற்றியே ஆயுளைக் கழித்தவர்களுக்கு, ஒரே நாள் திரும்பத் திரும்ப வருவது அப்படியொன்றும் புதுமையான கற்பனை இல்லை.

படத்தின் சிறப்பே அந்த இரண்டாம் நாள்தான். இயக்குநர் கில் ஜங்கர் முதல் நாளின் நிகழ்ச்சிகளை அச்சடித்தாற்போல் மறுபடி காட்டவில்லை. ஒவ்வொன்றும் சற்றே வேறு உருவில் வந்து சேருகிறது. தவிர்த்துவிட்டோம் என்று இயன் மூச்சு விடும்போதெல்லாம், தவிர்த்தது வேறொரு வழியாக உள்ளே நுழைகிறது. அவளை லண்டனிலிருந்தே அப்புறப்படுத்திவிட நினைத்துத் தான் பிறந்து வளர்ந்த ஊர்ப்பக்கம் அழைத்துப் போகிறான். அங்கே மலையேறி, மழையில் நனைந்து, அதுவரை தான் பேசாமலே இருந்த தன் தந்தையைப் பற்றி அவளிடம் மனம் திறக்கிறான். முதல் நாளில் தன் அலுவலகக் கூட்டத்தைத் தவிர வேறெதையும் பெரிதாக நினைக்காதவன், இரண்டாம் நாளில் அவள் யாருக்கும் காட்டாமல் எழுதிவைத்திருந்த பாடலை எடுத்து, இசைக்குழுவின் கையில் சேர்த்து, அன்றிரவு அவளே மேடையில் பாடும்படி செய்கிறான். சமாந்தாவாக நடித்த ஜெனிஃபர் லவ் ஹியூவிட் அந்தப் பாடலைத் தயங்கித் தொடங்கும் இடத்தில் எங்கள் மண்டபத்தில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். டாக்சி ஓட்டுநராக வரும் டாம் வில்கின்சன் எமனா, தேவதையா, வெறும் ஓட்டுநரா என்பதைப் படம் கடைசிவரை சொல்லாமல் விட்டதும் எனக்குப் பிடித்திருந்தது.

இவ்வளவையும் பாராட்டிவிட்டு நான் முரண்படும் இடத்துக்கு வருகிறேன். 'அவள் பிற்பாடு பாடகியாக மலர்ந்ததே அவன் தியாகத்துக்குக் கிடைத்த பரிசு' என்ற பொருள்படக் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். இரவில் நடக்கப்போவது இன்னதென்று தெரிந்தே இயன் அந்த வண்டியில் ஏறுகிறான். தெரிந்த செய்தியோ அவளுடைய உயிரைப் பற்றியது. காலையில் ஏதோ கெட்ட கனவு என்ற அளவோடு பேச்சு நின்றுவிட, அதன்பின் அன்பை மட்டும் பொழிந்துகொண்டே போகிறானே தவிர, 'இன்றிரவு இப்படி நடக்கும். என்ன செய்யலாம், சொல்' என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யார் இருக்க வேண்டும், யார் போக வேண்டும் என்பதை அவன் ஒருவனே முடிவு செய்கிறான். படம் முடிந்து தேநீர் குடிக்கும்போது முன்பு கூறிய அதே பாட்டிதான் சொன்னார்: "சொல்லியிருந்தா அவளும் ஏறியிருக்க மாட்டா, அவனையும் ஏற விட்டிருக்க மாட்டா." சுற்றியிருந்த ஆண்கள் சிரித்தார்கள், பெண்கள் யாரும் சிரிக்கவில்லை.

சொல்லிவிட்டால் கதை நடக்காது என்று வாதிடலாம். 1993இல் வந்த 'கிரவுண்ட்ஹாக் டே' படத்தில், ஒரே நாளில் சிக்கிக்கொண்ட நாயகன் ஒரு கட்டத்தில் தன் நிலைமையை நாயகியிடம் வெளிப்படையாகச் சொல்கிறான். உணவகத்தில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரைப் பற்றியும் விவரம் கூறி அவளை நம்பவும் வைக்கிறான். அந்த நாளின் மிச்சத்தை அவள் அவனோடு கழிக்கிறாள். படத்தின் மிக மென்மையான பகுதி அதுதான், கதைக்கும் எந்தக் குந்தகமும் வரவில்லை. தமிழில் 2020இல் வந்த 'ஓ மை கடவுளே' படத்திலும் மணமுறிவு கேட்டு நீதிமன்றம் வந்தவனுக்கு மறுவாய்ப்புக் கிடைக்கிறது. அங்கும் பழைய வாழ்க்கை நினைவில் இருப்பது கணவனுக்கு மட்டுமே, மனைவிக்கு இல்லை. இந்த வகைப் படங்களில் அறிவு ஆணிடமும் அறியாமை பெண்ணிடமும் ஒதுக்கப்படுவது ஏன் என்று எந்த விமர்சகராவது எழுதினால் ஆவலோடு படிப்பேன்.

வெள்ளைக்காரர் கதை அப்படி, நம்முடையது இப்படி என்று பெருமை பேசவும் எனக்கு வழியில்லை. சிலப்பதிகாரத்தில் வரப்போகும் கேட்டைக் கணவன், மனைவி இருவருமே கனவில் கண்டுவிடுகிறார்கள். பெரிய நகர் ஒன்றில் கோவலன்மேல் பழி விழுவதையும், தான் அரசன்முன் நின்று வழக்குரைப்பதையும் கனவில் கண்ட கண்ணகி, அதைத் தன் தோழி தேவந்தியிடம் சொல்கிறாள். கோவலன் தன் கனவை மதுரைக்கு வெளியே மாடலன் என்ற அந்தணனிடம் சொல்கிறான். கணவனும் மனைவியுமான இவர்கள் தங்கள் கனவுகளை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதாக இளங்கோவடிகள் காட்டவில்லை. சொல்லியிருந்தால் சிலம்பு விற்கத் தனியே போயிருப்பானா என்று வகுப்பறையில் மாணவர்கள் என்னைக் கேட்டதுண்டு. சாவித்திரியும் நாரதர் குறித்துச் சொன்ன மரண நாளைக் கணவன் சத்தியவானிடம் மறைத்தவள்தான். என்றாலும் அவள் தனியே முடிவெடுத்துச் செத்துப்போகாமல், எமனைப் பின்தொடர்ந்து வாதாடி உயிரைத் திரும்பப் பெற்றாள் என்பதால் அவளை நான் சற்று மன்னித்துவிடுகிறேன்.

திரைப்படத்துக்கு இவ்வளவு நீட்டி எழுத வேண்டுமா என்று தாங்கள் நினைக்கலாம். எங்கள் தோட்டப்புறக் குடும்பங்களில் 'அவளுக்குத் தெரிந்தால் தாங்க மாட்டாள்' என்று ஆண்கள் மறைப்பது நாள்தோறும் நடக்கிறது. மருத்துவமனைச் சீட்டை மடித்து மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு வீட்டில் சளிக்காய்ச்சல் என்பார்கள். வட்டிக்காரனிடம் வாங்கிய கடனை அவன் வாசலில் வந்து நிற்கும்வரை வெளியில் விடமாட்டார்கள். ஊழியர் சேமநிதியில் வாரிசு நியமனம் செய்தார்களா இல்லையா என்பது, கணவர் போன பிறகு மனைவி அலுவலக முகப்பில் நிற்கும்போதுதான் தெரியவரும். இவற்றையும் நம் மக்கள் பாசம் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் இயனின் மௌனத்தை உயர்ந்த காதல் என்று ஒரு நாளிதழ் கேள்வியின்றிப் புகழும்போது எனக்குச் சற்று உறுத்துகிறது.

சமாந்தா பாடகியாவதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அன்று காலையிலிருந்தே அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று அவள் பின்னொரு நாளில் அறிந்திருந்தால், நன்றி சொல்லியிருப்பாளா, கோபப்பட்டிருப்பாளா? அந்தக் கேள்விக்குப் படம் ஒரு நிமிடம்கூட ஒதுக்கவில்லை. கட்டுரையாளருக்கு இதில் மாற்றுக் கருத்து இருந்தால் அவர் பதிலையும் தங்கள் இதழில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்.