இரண்டு வருடப் பயிற்சியா?

ஆசிரியருக்கு,

நகரில் ஒரு புடவைக் கடையில் என் மகள் 2 வருடம் வேலை செய்தாள். நியமனக் கடிதமும் இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. விலகும்போது ஊழியர் சேமலாப நிதி பற்றிக் கேட்டதற்கு, "நீ பயிற்சியில்தானே பிள்ளை" என்றாராம் முதலாளி. துணி அளந்து வெட்ட இவ்வளவு படிப்பா!

பயிற்சியோ நிரந்தரமோ, முதல் நாளிலிருந்தே பணம் கட்ட வேண்டும் என்பதுதான் சட்டம். சம்பளத்தில் பிடிப்பது 8 வீதம், முதலாளி போடுவது 12. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி என்று ஊழியருக்கான இன்னொரு நிதிக்கும் 3 வீதம், அதுவும் முழுக்க அவர் பொறுப்பு.

முறைப்பாடு கொடுத்தால் பக்கத்துக் கடையிலும் வேலை கிடைக்காது என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். தீபாவளிக்கு முன்பாவது தொழில் திணைக்கள அதிகாரிகள் கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, சம்பளப் பதிவேட்டைக் கேட்டுப் பார்க்கட்டும்.

ஒரு தந்தை,
மட்டக்களப்பு