சுழி பார்த்தால் போதாது, குதிரையின் கடைவாயையும் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குக் குதிரை வாங்கப் போகிறவர்கள் சுழி பார்க்கிறார்கள், நடை பார்க்கிறார்கள், உதட்டைத் தூக்கி வயதும் பார்க்கிறார்கள். பல்லின் மேல்வரிசையும் கீழ்வரிசையும் நேராகப் பொருந்துகின்றனவா என்று மட்டும் பலர் பார்ப்பதில்லை. மேல்வரிசை துருத்திய 'கிளிவாய்' குதிரை மலிவாகக் கிடைக்கிறதே என்று அச்சாரம் கொடுத்தால், மிச்சப்பட்ட பணம் பல் வைத்தியத்திலேயே கரைந்துவிடும்.

குதிரையின் பல் ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை ஈறிலிருந்து வெளியே வந்துகொண்டே இருக்கும். எதிர்ப்பல்லோடு உரசித்தான் தேயும். கீழ்த்தாடை பின்தங்கியிருந்தால், மேலே முதல் கடைவாய்ப் பல்லின் முன்விளிம்பும் கீழே கடைசிப் பல்லின் பின்விளிம்பும் உரச இடமில்லாமல் கொக்கிபோல் நீளும். கீழ்க்கொக்கி எதிரே உள்ள ஈற்றைக் குத்தும். வாய்த்திறப்பானைப் பொருத்தி, டார்ச்சும் கண்ணாடியும் வைத்துப் பார்க்காமல் அது கண்ணில் படாது. வெறுங்கையை உள்ளே விடவே கூடாது.

செலவுக் கணக்குக்கு வருவோம். சீரான பல்லுக்கு ஆண்டுக்கு ஒருமுறை அரத்தால் ராவினால் பெரும்பாலும் போதும். கிளிவாய்க்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேவைப்படும். ஆறு வயதில் வாங்கி இருபது வயது வரை வைத்திருந்தால் 14 தடவைக்குப் பதில் 28 தடவை. ஒவ்வொரு தடவையும் மருத்துவர் கட்டணம், எடைக்கேற்ற மயக்க ஊசி, வண்டி வாடகை. கொக்கி ஏற்கெனவே நீண்டிருந்தால் முதல் ஆண்டில் இன்னும் கூடும். ஒரே அமர்வில் 3, 4 மில்லிமீட்டருக்கு மேல் எடுத்தால் பல்லின் உயிர்ப்பகுதி திறந்துகொள்ளலாம் என்பதால், அதைப் பல தடவையாகத்தான் குறைக்க வேண்டும். உங்கள் ஊர் மருத்துவரிடம் ஒரு தடவைக்கு என்ன ஆகும் என்று கேட்டு, கூடுதல் தடவைகளால் பெருக்கி, அதை விலையில் கழித்துப் பேசுங்கள்.

"ஒரே வெட்டில் சரிபண்ணித் தருகிறேன்" என்று கட்டரோடு வருபவரை நம்பாதீர்கள். பல் நெடுக்காகப் பிளந்து சீழ் வைத்தால், அதைப் பிடுங்குகிற செலவு குதிரையின் விலையையே எட்டிப்பிடிக்கும். மோட்டார் அரத்தையும் ஒரே இடத்தில் அழுத்தி வைத்தால் சூட்டில் பல் செத்துப்போகும். மயக்கம் முழுதும் தெளியும்வரை தீனி வைக்கக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

சந்தையிலேயே செய்யக்கூடிய சோதனைகளும் உண்டு. தலையைத் தூக்கினால் கீழ்த்தாடை சற்றுப் பின்வாங்கும். அதனால் தலையை இயல்பாகத் தாழ்த்தவிட்டுப் பல் பொருத்தத்தைப் பாருங்கள். கன்னத்தின் வெளிப்புறத்தில், மேல் கடைவாய் வரிசை நெடுக விரலால் அழுத்துங்கள். முகத்தைச் சுளித்து விலகினால் கூர்விளிம்பு உள்ளே குத்துகிறது. ஒரு பிடி உலர்புல் கொடுங்கள். மென்றும் மெல்லாமலும் உருண்டையாகத் துப்பினால், அல்லது லத்தியில் முழுக் கொள்ளும் நீளமான நாரும் கிடந்தால், மருத்துவர் பார்க்காமல் பணம் கைமாற வேண்டாம். இனவிருத்திக்கென்றால் கிளிவாயை விட்டுவிடுவதே நல்லது. குட்டிக்கும் வரக்கூடிய குறை அது.

கால்நடைப் பராமரிப்புத் துறை சந்தை நாட்களில் வாய்த்திறப்பானும் டார்ச்சும் உள்ள ஒரு பரிசோதனை மேசை போட்டு, பல் நிலையை எழுதிக் கையெழுத்திட்டுத் தரட்டும். அதற்கு ஒரு கட்டணம் வைத்தாலும் வாங்குகிறவர் தயங்காமல் கொடுப்பார்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர் ஒருவர்,
ஈரோடு மாவட்டம்